ஆள் மாறும் அரங்கு: ஒரு மயக்க மருத்துவரின் பதில்கள்

சென்ற இதழில் முழங்கால் மூட்டு மாற்றுச் சிகிச்சை பற்றிய கேள்விக்குப் பதில் எழுதும்போது, "ஆபரேஷன் செய்யப் போகும் மருத்துவர் யார் என்று பத்துப் பேரிடம் விசாரிக்கிற நாம், அவரோடு அரங்கில் நிற்கப் போகிறவர்கள் யார் என்று ஒருவரிடமும் விசாரிப்பதில்லை" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த மாதத்துக்குப் போதும் என்றாகிவிட்டது. ஆகவே மூட்டுவலிக்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: என் தந்தைக்கு 68 வயது. பைபாஸ் செய்தாக வேண்டும் என்கிறார்கள். சென்னையில் பணியாற்றும் புகழ்பெற்ற இதய அறுவை மருத்துவர் ஒருவர், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊருக்குப் பக்கத்து நகரத்து மருத்துவமனைக்கு வந்து ஆபரேஷன் செய்து கொடுக்கிறார். "அதே கை, அதே படிப்பு. பிறகு எதற்குச் சென்னைக்கு அலைய வேண்டும்?" என்கிறார் என் அண்ணன். அவர் சொல்வது சரியா?
— வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: உங்கள் அண்ணன் கேட்ட அதே கேள்வியை அமெரிக்காவில் இரண்டு பேராசிரியர்கள் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். ஹக்மன், பிசானோ என்ற அவ்விருவரும் மருத்துவர்கள் அல்லர், மேலாண்மைத் துறையினர். பென்சில்வேனியா மாநிலத்தில் 1994, 1995 ஆகிய ஆண்டுகளில் நடந்த பைபாஸ் அறுவைகளின் பதிவேடுகளை எடுத்துக்கொண்டார்கள். அங்கேயும் ஒரே அறுவை மருத்துவர் இரண்டு மூன்று மருத்துவமனைகளில் மாறி மாறி ஆபரேஷன் செய்யும் வழக்கம் உண்டு. ஒரு மருத்துவர் ஒரு மருத்துவமனையில் அதிகமாகச் செய்யச் செய்ய, அந்த மருத்துவமனையில் அவருடைய நோயாளிகளின் இறப்பு விகிதம் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் அங்கே பெற்ற அந்தப் பழக்கம், அதே மனிதர் அடுத்த மருத்துவமனைக்குள் நுழைந்தபோது அவருக்குக் கைகொடுக்கவில்லை. கை அதேதான், பலன் மட்டும் கூட வரவில்லை. 2006இல் வெளிவந்த இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. நாங்கள் தேநீர் குடிக்கும்போது பேசிக்கொள்வதை யாரோ எண்ணிப் பார்த்திருக்கிறார்களே என்றுதான் தோன்றியது.

ஏன் இப்படி என்பதற்கு அரங்குக்குள் வந்து பார்க்க வேண்டும். பைபாஸ் நடக்கும்போது மேஜையைச் சுற்றி ஆறேழு பேராவது இருப்பார்கள். அறுவை மருத்துவர் தலையை நிமிர்த்தாமல் வலது கையை மட்டும் நீட்டுவார். பழகிய செவிலியராக இருந்தால், அவர் வாயைத் திறக்கும் முன்பே தலைமுடியை விட மெல்லிய நூல் கோத்த ஊசி, அவருக்குப் பிடித்த கோணத்தில் இடுக்கியில் மாட்டப்பட்டு உள்ளங்கையில் வந்து உட்கார்ந்திருக்கும். புதியவராக இருந்தால் "இது இல்லை, அடுத்தது" என்று ஒரு சொல். அதற்கு அரை நிமிடம். அரை நிமிடத்தில் யாரும் இறந்துவிடப் போவதில்லை. ஆனால் இதயத்தை நிறுத்தி வைத்திருக்கும் நேரம் இப்படி அரை அரை நிமிடமாகத்தான் நீளுகிறது. இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவர், மருத்துவரின் குரலில் இருக்கும் மாற்றத்தைக் கேட்டே அடுத்து என்ன கேட்கப் போகிறார் என்பதை அறிந்து வைத்திருப்பார். வெளியூரில் ஞாயிறு காலை முதன்முறையாகச் சந்திக்கும் ஒருவரிடம் அந்தக் காதை எதிர்பார்க்க முடியாது.

புகழ் இதில் எவ்வளவு உதவும் என்பதற்கு இன்னொரு சான்றையும் சொல்லிவிடுகிறேன். மார்பெலும்பை முழுவதும் பிளக்காமல் சிறு வெட்டின் வழியே இதய அறுவை செய்யும் முறை ஒன்று 1990களில் வந்தபோது, அதைப் புதிதாகக் கற்றுக்கொண்ட 16 மருத்துவமனைகளை எட்மண்ட்சன் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் பின்தொடர்ந்தார்கள். பெருந்தமனிக்குள் ஊதப்பட்ட பலூன் நகராமல் இருக்கிறதா என்பதை அந்த முறையில் அறுவை மருத்துவர் கண்ணால் பார்க்க முடியாது. எக்கோ திரையைப் பார்த்து மயக்க மருத்துவர் சொன்னால்தான் உண்டு. இதில் விரைவாகத் தேறியவை மிகப் பெயர்பெற்ற மருத்துவமனைகள் என்றோ மூத்த மருத்துவர்கள் இருந்த இடங்கள் என்றோ சொல்ல முடியவில்லை. யாரை யாரோடு சேர்ப்பது என்று யோசித்துக் குழுவைத் தேர்ந்து, தொடக்கத்தில் ஆள் மாற்றாமல் வைத்து, எவரும் வாய்திறந்து பேசலாம் என்ற நிலையை உண்டாக்கிய இடங்கள் முந்திக்கொண்டன.

இவற்றை வைத்துக்கொண்டு "ஞாயிற்றுக்கிழமை மருத்துவரிடம் போகாதீர்கள்" என்று நான் சொல்லவில்லை. நம் பக்கம் வந்துபோகும் மருத்துவர்களில் பலர், உதவி மருத்துவரையும் இயந்திரம் இயக்குபவரையும் தம்மோடு காரில் அழைத்துக்கொண்டே வருகிறார்கள். அது வேறு கதை. உங்கள் அண்ணனை இரண்டு செய்திகளை மட்டும் விசாரிக்கச் சொல்லுங்கள். அந்த மருத்துவமனையில் அதே குழு ஆண்டுக்கு எத்தனை பைபாஸ் செய்கிறது? ஞாயிறு இரவு மருத்துவர் ரயிலேறிய பிறகு, நள்ளிரவில் உங்கள் தந்தையின் மார்புக் குழாயில் ரத்தம் கூடுதலாக வடிந்தால், திரும்பவும் மார்பைத் திறக்கத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் யார்? இரண்டாவது கேள்விக்குத் தயங்காமல் ஒரு பெயர் வர வேண்டும்.

கேள்வி: நீங்கள் சொல்வது போலக் குழுதான் முக்கியம் என்றால், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் ஒரே நாளில் அத்தனை பேருக்குக் கண்புரை அறுவை செய்கிறார்களே, அவசரத்தில் தரம் கெடாதா?
— வாசகி, விருதுநகர்

பதில்: அங்கே நடப்பது அவசரம் அன்று, ஒழுங்கு. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது. ஓர் அறுவை மருத்துவருக்கு இரண்டு மேஜைகள். ஒன்றில் அவர் முடிக்கும்போது அடுத்ததில் நோயாளியும் கருவிகளும் ஆயத்தமாக இருக்கும். ஆயத்தம் செய்பவர்கள், சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு இரண்டாண்டுகள் அங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள். ஒரே வேலையை, ஒரே முறையில், ஒரே ஆட்களோடு நாள்தோறும் செய்கிறவர்களின் கைக்கு வேகம் தானாகவே வரும். ஆனால் கண்புரை போல அளவும் போக்கும் முன்கூட்டியே தெரிந்த அறுவைக்கு இது பொருந்தும். வயிற்றைத் திறந்த பிறகுதான் உள்ளே என்னவென்று தெரியும் என்கிற அறுவைக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

கேள்வி: என் அம்மாவுக்குப் பித்தப்பைப் புற்றுநோய்க்காக ஏழு மணி நேரம் அறுவை நடந்தது. பின்னர் நுரையீரலில் தொற்று ஏற்பட்டு இருபது நாட்கள் தீவிர சிகிச்சையில் இருந்து, இறையருளால் பிழைத்து வந்துவிட்டார். காப்பீட்டுக்காகக் கேஸ் ஷீட்டின் நகலை வாங்கிப் பார்த்தபோது, மயக்க மருந்துத் தாளில் பிற்பகல் 2.10க்குப் பிறகு வேறொரு மருத்துவரின் கையெழுத்து இருந்தது. பாதியில் ஆள் மாறியதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. தொற்றுக்கு இது காரணமாக இருக்குமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் அம்மாவின் தொற்றுக்கு அதுதான் காரணமா என்பதை ஒரு தாளை வைத்து எவராலும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். ஏழு மணி நேர அறுவையும் புற்றுநோயும் சேர்ந்தாலே நுரையீரல் தொற்றுக்கு வழி உண்டு. ஆனால் பாதியில் மயக்க மருத்துவர் மாறுவது தீங்கா என்ற உங்கள் கேள்வி என் தொழிலின் நடு நரம்பைத் தொடுகிறது. ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2009 முதல் 2015 வரை பெரிய அறுவை செய்துகொண்ட 3,13,066 பேரின் பதிவுகளைப் பார்த்து, 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் 5,941 பேருக்கு மட்டும், முதலில் இருந்த மயக்க மருத்துவர் பொறுப்பை முழுவதும் மற்றொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். 30 நாட்களுக்குள் இறப்பு, மறுபடியும் மருத்துவமனையில் சேர்தல், பெரிய சிக்கல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தது ஆள் மாறாதவர்களில் 29 விழுக்காடு, மாறியவர்களில் 44 விழுக்காடு. நீண்ட அறுவைகளில்தானே ஆள் மாறும், நீண்ட அறுவை என்றாலே ஆபத்துதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்களும் அதைக் கழித்துப் பார்த்தார்கள். கழித்த பிறகும் ஏறத்தாழ 7 விழுக்காட்டுப் புள்ளி வித்தியாசம் மீந்தது. அந்த ஆண்டு எங்கள் மாநாடுகளில் இதைத் தவிர வேறு பேச்சில்லை.

ஆனால் பழைய பதிவேட்டைப் புரட்டி அறிவது ஒன்று, முன்னரே சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் பார்ப்பது இன்னொன்று. இரண்டாவதை ஜெர்மனியில் செய்தார்கள். 12 மருத்துவமனைகளில், ஏற்கெனவே கடுமையான உடல்நோய் உள்ளவர்களும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அறுவை எதிர்பார்க்கப்பட்டவர்களுமான 1,817 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வேண்டுமென்றே பாதியில் மயக்க மருத்துவரை மாற்றினார்கள். 2022இல் முடிவு வந்தது: 30 நாட்களுக்குள் இறப்பு, மறுபடியும் மருத்துவமனையில் சேர்தல், பெரிய சிக்கல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தது மாறியவர்களில் 30 விழுக்காடு, மாறாதவர்களில் 33 விழுக்காடு. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

அப்படியானால் கனடா பொய்யா? அப்படி நான் நினைக்கவில்லை. ஜெர்மனியில் ஆள் மாறப் போகிறது என்பது மாறுகிறவர்கள், வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். ஆய்வு நடக்கிறது என்பதும் தெரியும். சாதாரண நாளில் ஆள் எப்போது மாறுகிறார்? டியூட்டி முடியும்போது, வேறு அரங்கில் அவசரக் கேஸ் வந்து அழைக்கும்போது, அல்லது இந்த மேஜையிலேயே கேஸ் எதிர்பார்த்ததை விட மோசமாகி நீளும்போது. மூன்றாவது வகை எந்தக் கணக்கிலும் முழுமையாகக் கழிபடாது. ஆகவே மாறுதலை விட, எப்படிப்பட்ட நேரத்தில், எப்படி மாறினார்கள் என்பதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது என்பது என் எண்ணம். பன்னிரண்டு மணி நேரம் நின்று கண் சொருகும் மருத்துவர் இன்னும் நான்கு மணி நேரம் நிற்பதைக் காட்டிலும், சாப்பிட்டுத் தெளிவாக வந்த ஒருவர் பொறுப்பேற்பது நோயாளிக்கு நல்லது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

எப்படி மாற வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். மோசமான ஒப்படைப்பு இப்படி இருக்கும்: "ஒன்னும் பிரச்சினை இல்லை சார், ஸ்டேபிளா இருக்காங்க, நான் கிளம்பறேன்." நல்ல ஒப்படைப்பு ஐந்து நிமிடம் பிடிக்கும். நோயாளியின் பெயர், எடை, சர்க்கரை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. இதுவரை போன ரத்தம் எவ்வளவு, ஏற்றியது எவ்வளவு, வங்கியில் இன்னும் எத்தனை பை தயாராக இருக்கிறது. அரை மணிக்கு முன் ரத்த அழுத்தம் ஏன் இறங்கியது, என்ன கொடுத்தபோது ஏறியது. இடது கையில் உள்ள ஊசிவழி துணிக்கு அடியில் மடங்கிக்கொள்கிறது, ஆகவே வலது கையையே நம்புங்கள் என்ற எச்சரிக்கை. செஃபசோலின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லியை முதல் தடவை கொடுத்து நான்கு மணி நேரமானால் இரண்டாவது தடவை கொடுக்க வேண்டும். காலை 9 மணிக்குக் கொடுத்தவர் 12.50க்குக் கிளம்பினால், 1 மணிக்குக் கொடுக்க வேண்டியது வருகிறவரின் தலையில் ஏறியாக வேண்டும். தாளில் எழுதித்தான் இருக்கும். வந்தவர் அந்தத் தாளைப் புரட்டுவதற்குள் அறுவை மருத்துவர் மேஜையைச் சாய்க்கச் சொல்வார், மறந்துபோகும். எனக்கே அப்படி ஒருமுறை முக்கால் மணி நேரம் தள்ளிப்போயிருக்கிறது.

லண்டனில் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் என்ற குழந்தைகள் மருத்துவமனையில், இதய அறுவை முடிந்த குழந்தையை அரங்கிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றும்போது நிகழும் குழப்பத்தைத் தீர்க்க, ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தின் ஃபெராரி குழுவினரிடம் போய்ப் பாடம் கேட்டார்கள். சில நொடிகளில் நான்கு சக்கரங்களையும் மாற்றுகிறவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே இல்லை. அவரவர் இடம் அவரவருக்குத் தெரியும், வண்டி புறப்படலாம் என்று சொல்லும் அதிகாரம் ஒருவருக்கு மட்டுமே உண்டு. மருத்துவமனையிலோ எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயை மாட்டிக்கொண்டே பேசினார்கள். "முதலில் கருவிகளை மாற்றுவோம், அப்போது பேச்சு வேண்டாம், பிறகு ஒருவர் பேசட்டும், மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு கேட்கட்டும்" என்று ஒழுங்கு செய்தபின், 2007இல் வெளியிட்ட கணக்குப்படி, கருவி சார்ந்த பிழைகள் 42 விழுக்காடும், சொல்லாமல் விடுபட்ட செய்திகள் 49 விழுக்காடும் குறைந்தன. இதற்குக் காசு செலவில்லை.

உங்களிடம் சொல்லாமல் மாறினார்கள் என்ற மனக்குறை நியாயமானது. நீண்ட அறுவை என்றால் ஆள் மாற நேரலாம் என்று ஒப்புதல் கையெழுத்து வாங்கும்போதே சொல்லிவிடலாம். சொல்லியிருந்தால் அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

கேள்வி: குடலிறக்கத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்தேன். வார்டில் பெயர் கேட்டார்கள்; அரங்கு வாசலில் கேட்டார்கள்; உள்ளே மேஜையில் படுத்த பிறகும் "உங்க பேர் என்ன, எந்தப் பக்கம் ஆபரேஷன்?" என்கிறார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன் நான். வருகைப் பதிவேட்டைப் பார்க்கத் தெரியாதவர்கள் கையில் உடம்பைக் கொடுத்துவிட்டோமோ என்று தோன்றியது.
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நாகர்கோவில்

பதில்: ஐயா, உங்களை மூன்று முறை கேட்ட இடம் நல்ல இடம். கேட்காத இடத்துக்குத்தான் பயப்பட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008இல் 19 குறிப்புகள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மயக்கம் கொடுக்கும் முன், தோலில் கத்தி வைக்கும் முன், நோயாளி அரங்கை விட்டு வெளியேறும் முன் என மூன்று இடங்களில் எல்லோரும் கையை நிறுத்தி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புதுதில்லி உட்பட எட்டு நகரங்களில் அதைச் சோதித்தபோது இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8ஆகவும், பெரிய சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7ஆகவும் குறைந்தன.

ஆசிரியராக இருந்தவர் என்பதால் அடுத்த செய்தி உங்களுக்குப் பிடிக்கும். இதே பட்டியலை ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகள் நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகு பார்த்தால், இறப்பு 0.71இலிருந்து 0.65 விழுக்காடு, குறைந்தது என்றே சொல்ல முடியாத அளவு. வீட்டுப்பாட நோட்டில் கையெழுத்து மட்டும் வாங்கி வரும் மாணவனை நீங்கள் பார்த்ததில்லையா? அதேபோல், கேஸ் முடிந்து தேநீர் வரும்போது பத்தொன்பது கட்டங்களிலும் ஒரே இழுப்பில் டிக் அடிக்கும் பேனாக்களை நானும் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் பட்டியலை மட்டும் கொடுக்காமல், அரங்கை நிறுத்தி வைத்து எல்லோரையும் ஒன்றாக உட்கார்த்தி, அறுவைக்கு முன்னும் பின்னும் கலந்து பேசப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற 74 இடங்களில் ஆண்டு இறப்பு விகிதம் 18 விழுக்காடு குறைந்தது. இன்னும் பெறாத 34 இடங்களில் 7 விழுக்காடு.

கேள்வி: நான் தனியார் மருத்துவமனை ஒன்றில் தியேட்டர் செவிலியர், பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள். சில நேரங்களில் பெரிய டாக்டர் கவனிக்காத ஒன்று என் கண்ணில் படுகிறது. சொன்னால் "உனக்கு என்ன தெரியும்?" என்பார், சொல்லாவிட்டால் இரவில் தூக்கம் வருவதில்லை. என்ன செய்வது?
— பெயர் வேண்டாம்

பதில்: மகளே, இருபது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2005 மார்ச் மாதம், மூக்குப் பகுதியில் சாதாரண அறுவைக்காக 37 வயதுப் பெண்ணுக்கு மயக்கம் கொடுத்தார்கள். மூச்சுக்குழாயில் குழாய் நுழையவில்லை. முகமூடி வழியாகவும் காற்று இறங்கவில்லை. அனுபவமுள்ள மூன்று மருத்துவர்கள் சேர்ந்து குழாயை நுழைக்கவே திரும்பத் திரும்ப முயன்றார்கள். அந்த நிலையில் செய்ய வேண்டியது கழுத்தில் துளையிட்டுக் காற்றுக்கு வழி செய்வது. அது செவிலியர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் அதற்கான கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து, இருக்கிறது என்றும் சொன்னார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை கேட்டுவிட்டு, மருத்துவர்கள் பார்த்த பார்வையில், தான் மிகைப்படுத்திவிட்டோமோ என்று அதை ரத்துச் செய்தார். இருபது நிமிடத்துக்கு மேல் மூளைக்குப் போதிய பிராணவாயு இல்லை. பதின்மூன்று நாட்களுக்குப் பிறகு அந்தப் பெண் இறந்துபோனார்.

அவருடைய கணவர் மார்ட்டின் புரோமிலி ஒரு விமானி. யாரைத் தண்டிப்பது என்று கேட்காமல், தெரிந்தவர்கள் இருந்தும் தெரிந்தது ஏன் மேஜைக்குப் போய்ச் சேரவில்லை என்று கேட்டார். இதற்காகவே 2007இல் ஓர் அமைப்பையும் தொடங்கினார். விமானிகள் அறையில் இளையவர் மூத்தவரைத் திருத்துவதற்கென்றே பழக்கப்பட்ட சொற்கள் உண்டு. நம் அரங்கில் "சார்" என்ற ஒரு சொல்தான் உண்டு. அதைப் பத்து விதமாக இழுத்துச் சொல்லிப் புரியவைக்கப் பார்க்கிறோம்.

ஆகவே "சார்..." என்று இழுக்காதீர்கள். கண்ணால் கண்டதை எண்ணோடு சொல்லுங்கள்: "சார், ஆக்சிஜன் 84, இரண்டு நிமிடமாக ஏறவில்லை." அதற்குப் பதில் வராவிட்டால் செய்ய வேண்டியதைக் கேள்வியாக வையுங்கள்: "சார், கழுத்துக் கருவியைப் பிரிக்கட்டுமா?" அதற்கும் வராவிட்டால் மயக்க மருத்துவரின் பக்கம் திரும்பி அதையே சொல்லுங்கள். இதில் உங்கள் கருத்து என்று ஒன்றுமில்லை. எண்ணைச் சொன்னவரை யாரும் திட்ட முடியாது. திட்டினாலும் அந்த எண் எல்லோர் காதிலும் விழுந்திருக்கும்.

உங்கள் வயதில் இருந்த ஒருவர் கதை. மருத்துவமனையின் பெயர் வேண்டாம். குடல் ஓட்டைக்காக மாலை ஆறரைக்கு வயிற்றைத் திறந்தோம். எட்டு மணிக்கு ஷிப்ட் மாறியது. இருந்த சிஸ்டர் போய், சேர்ந்து மூன்றே மாதமான பெண் கையுறை மாட்டி வந்து நின்றார். வயிற்றை மூடும் முன் மாப், அதாவது ரத்தத்தை ஒற்றி எடுக்கும் துணிகளை எண்ணினார்கள். வாளியில் ரத்தம் தோய்ந்தவை 15, கரும்பலகையிலும் 15. "எண்ணிக்கை சரி" என்றார் சுற்றுச் செவிலியர். அறுவை மருத்துவர் நூலை வாங்கிக்கொண்டார். அந்தப் பெண் மட்டும் தட்டின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் அரங்கில் மாப் ஐந்து ஐந்தாக வெள்ளை நூலால் கட்டி வரும். தட்டின் ஓரத்தில் கிடந்த கட்டுநூல்கள் நான்கு. அப்படியென்றால் பிரித்தது 20. போன சிஸ்டர் கிளம்பும் அவசரத்தில் நான்காவது கட்டைப் பிரித்ததைப் பலகையில் எழுதச் சொல்லவில்லை. துணிக்கு அடியில் தேடினால், பயன்படுத்தாமல் நான்கு கிடந்தன. "சார், இன்னும் ஒன்று உள்ளே இருக்கிறது." மருத்துவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தைக்கத் தொடங்கினார். "சார், நூல் நாலு இருக்கு." மூன்றாவது முறை சொன்னபோது குரல் உடைந்துவிட்டது, ஆனால் அடுத்த ஊசியை அவர் கையில் கொடுக்கவில்லை. மண்ணீரலுக்கு மேலே, உதரவிதானத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது அது.

இப்படி உள்ளே தங்கிப்போன பொருட்களைப் பற்றி 2003இல் வந்த அமெரிக்க ஆய்வில், எண்ணப்பட்ட கேஸ்களில் பெரும்பாலானவற்றில் "எண்ணிக்கை சரி" என்றே எழுதியிருந்தது. அவசர அறுவையில் இந்த ஆபத்து ஒன்பது மடங்கு; அறுவையின் நடுவே திட்டம் எதிர்பாராமல் மாறினால் நான்கு மடங்கு.

கேள்வி: இவ்வளவும் நோயாளிக்கு எப்படித் தெரியும்? ஆபரேஷனுக்கு முன் நாங்கள் என்னதான் கேட்பது?
— வாசகி, சேலம்

பதில்: நிறையக் கேட்க வேண்டாம், அவசரமில்லாத அறுவை என்றால் மூன்று கேள்விகள் போதும். மயக்கம் கொடுக்கப் போகிறவர் யார், அவர் முந்தைய நாளே வந்து பார்ப்பாரா? இந்த அறுவையை இதே குழு இங்கே வழக்கமாகச் செய்கிறதா? முதல் இரவு என் படுக்கையருகே வந்து பார்க்கப் போகும் மருத்துவர் யார், அவருக்கு என் கேஸைச் சொல்லப் போவது யார்? சாப்பிடும் மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள், பழைய அறுவைகள் மூன்றையும் ஒரு தாளில் தமிழிலேயே எழுதி, கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் பின் குத்தச் சொல்லுங்கள். ஷிப்ட் எத்தனை மாறினாலும் அந்தத் தாள் உங்களோடு வரும். அறுவை எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தில் பேனாவால் குறியிட்டிருக்கிறார்களா என்பதையும், மயக்க ஊசி போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.